சாரல் விருந்தும் ஆறு வெள்ளிக்கிழமையும்

"அருவியில் தண்ணீர் விழுகிறதா?" என்று கேட்டு வரும் தபால் கார்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த துன்பம் இது. பத்து மாதம் நாம் இருக்கிறோமா செத்தோமா என்று கேட்காத சொந்தங்களுக்கு, ஆனி பிறந்ததும் நம் ஞாபகம் வந்துவிடும். கார்டில் நலம், நலமறிய ஆவல் என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரியில் குற்றால அருவி வந்துவிடும். விழுகிறது என்று பதில் போட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். விழவில்லை என்று போட்டாலும் வருவார்கள், வந்து விழும்வரை காத்திருப்பார்கள். வர வேண்டாம் என்று பதில் போட்ட குடும்பம் ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் அன்றைக்கு இருந்ததில்லை. அந்தப் பெருமைக்கு நாங்களும் அப்போது பங்குதாரர்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு வருஷம். தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, புறவாசலில் ஒரே ஒரு கக்கூஸ் என்று எங்கள் வீடு. என் கணவர் பஸ் டிரைவர். பதினெட்டு வருஷம் மதுரைக்குப் போகும் மலையடிவார ரோட்டில் ஓட்டியவர். முந்தின கார்த்திகையில் அவருக்கு வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம் போயிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை. பங்குனியில் அது கட்டியாகப் போய் அடைத்துக்கொண்ட பிறகுதான் சொன்னார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, மூத்திரப்பையில் புற்று என்றார்கள். பீடி குடிப்பாரா என்று கேட்டார் டாக்டர். குடிக்காத நேரம் எதுவென்று கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். சின்னப் பிள்ளைகளுக்குத் தோளில் குத்துகிறார்களே காசநோய்த் தடுப்பூசி, அதே மருந்தைக் கரைத்துக் குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் விடுவார்களாம். அது செத்த மருந்து அல்ல, வலுக்குறைந்த உயிருள்ள கிருமி. அதைக் கண்டதும் உடம்பு தன் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வரும், அந்தச் சண்டையில் மிச்சமிருக்கும் புற்றும் சாகும். வாரம் ஒன்றாக ஆறு வெள்ளிக்கிழமை. ஆறும் ஒழுங்காக முடிந்தால் மூத்திரப்பையைக் காப்பாற்றிவிடலாம். முடியாவிட்டால் பையை எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பை கட்டித் தொங்கவிட வேண்டும். இதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஒரே காரியம்தான்: அந்த ஆறு வெள்ளிக்கிழமை.

எரிச்சல் இருக்கும், அடிக்கடி வரும், அடக்க முடியாது, மருந்து விட்ட மறுநாள் லேசாக ரத்தம் தெரியலாம், ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம், பயப்படாதீர்கள் என்றார். இரண்டு விஷயத்தை மட்டும் விரலை நீட்டிச் சொன்னார். அடுத்த மருந்துக்கு வருகிற அன்று ரத்தம் போனால் மறைக்காமல் சொல்ல வேண்டும். புண்ணின் மேல் இந்த மருந்தை விட்டால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும், ஒரு வாரம் தள்ளித்தான் விட வேண்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் உடனே ஓடி வர வேண்டும். நான் தலையாட்டினேன். அவரும் ஆட்டினார்.

முதல் வெள்ளி பரவாயில்லை. மருந்தை விட்டதும் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தடவை இடமும் வலமும் மல்லாக்கவும் குப்புறவும் புரள வேண்டும். பரோட்டாக் கல்லில் போட்ட மாதிரி என்று அவரே சொல்லிச் சிரித்தார். இரண்டாவது வெள்ளியிலிருந்து சிரிப்பு போயிற்று. மிளகாயை அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது என்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போவார், நாலு சொட்டு வரும், சுவரில் கை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்து நிற்பார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடியும் முட்டும்.

அதைவிடப் பெரிய பாடு மதுரையிலிருந்து திரும்பி வரும் பஸ். நாலு மணி நேரம். இவர் ஓட்டிய காலத்தில், வழியில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் என்று கெஞ்சிய எத்தனை கிழவர்களை, அடுத்த ஸ்டாப்பில் பார்த்துக்கிடும் என்று அடக்கியிருக்கிறார். நான் காதால் கேட்டிருக்கிறேன். இப்போது அவரே கண்டக்டரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். ராஜபாளையம் தாண்டி ஒரு தடவை, சிவகிரியில் ஒரு தடவை, வாசுதேவநல்லூரில் ஒரு தடவை, புளியங்குடிக்கு முன்னால் ஒரு தடவை. பஸ்ஸே ஜன்னல் வழியாகப் பார்க்கும். மருந்து விட்டு ஆறு மணி நேரம்வரை போகிற மூத்திரத்தில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. நான் பழைய பவுடர் டப்பாவில் அதை நிரப்பிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கி, புளியமரத்தடியில் தூவிவிட்டு ஏறுவேன். யாரோ ஒரு அம்மாள் என்னிடம், என்ன வேண்டுதல் என்று கேட்டாள். சிரிக்கத் தெம்பில்லை எனக்கு.

கண்டக்டர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அதுதான் வினை. "என்ன அண்ணாச்சி, சுகர் வந்துட்டா?" என்று ஒருவர் கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் இவருக்குச் சர்க்கரை வியாதி. புற்று என்று சொன்னால் பரிதாபப்படுவார்கள், காசநோய் மருந்து என்று சொன்னால் டம்ளரைத் தனியாக வைப்பார்கள், சர்க்கரை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னார். 

இந்த நிலைமையில்தான் கார்டு வந்தது. எழுதியவர் அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார். மெட்ராஸில் பெரிய ஆபீசில் வேலை. அருவியில் தண்ணீர் விழுகிறதா, லீவு போட்டிருக்கிறேன், தங்கச்சி குடும்பமும் வருகிறார்கள் என்று எழுதியிருந்தார். நான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருஷம் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள் என்றேன். "வீடு தேடி வாரவுகள வராதீகன்னு எப்படிட்டி எழுத?" என்று கேட்டார். எனக்கும் எழுதக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. தண்ணீர் நன்றாக விழுகிறது என்று பதில் போட்டோம். என் கையெழுத்தில்.

பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்களுக்கு மருந்து ஆறு வாரம், விருந்து பத்து நாள், இரண்டும் ஒரே கக்கூஸில். காலையில் எழுந்தால் புறவாசலில் எண்ணெய் தேய்த்த உடம்புகளோடு வரிசை நிற்கும். தன் சொந்த வீட்டில், ஐந்தாவது ஆளாக, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பார். முன்னால் நிற்பவரிடம் கொஞ்சம் விடுங்கள் என்று கேட்க மாட்டார். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில் நான் ஒரு பழைய வாளியை வைத்தேன். விறகு எடுக்கப் போகிற மாதிரி அவர் நாளைக்கு முப்பது தடவை அங்கே போய் வந்தார். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்க, போக வேண்டியிருக்குமே என்று இவர் தண்ணீரையே நிறுத்திவிட்டார். குடிக்காததால் எரிச்சல் கூடியது, எரிச்சல் கூடியதால் இன்னும் குடிக்கவில்லை. நான் செம்போடு பின்னால் போனால் முறைப்பார். பதினொரு பேருக்குச் சோறு பொங்கிக்கொண்டு ஒரு ஆளுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் நின்றேனே, அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

தம்பி முகம் வாடிக் கிடப்பதை மூத்தார் பார்த்துவிட்டார். என்ன என்று குடைந்திருக்கிறார். சர்க்கரை இல்லை, புற்று என்பதை அவரிடம் மட்டும் இவர் சொல்லிவிட்டார் என்பது ஐந்தாவது வெள்ளிக்கிழமை காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மூத்தார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, நானும் மதுரைக்கு வருகிறேன், டாக்டரிடம் நான் பேசுகிறேன் என்று கிளம்பி நின்றார்.

அன்றைக்குக் காலையில் வாளியைக் கொட்டப் போனவள் நான். பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. என் கணவர் சாய்ப்பு வாசலிலேயே நின்று நான் பார்த்ததைப் பார்த்தார். டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்றேன். சரி என்றார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தம்பி பெண்டாட்டி மூத்தார் முன்னால் வந்து நிற்க மாட்டாள், நேரே பேச மாட்டாள். அவர் முன்னறையில் இருந்தால் நான் பக்கவாசல் வழியாகத்தான் அடுப்படிக்குப் போவேன். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாரையோ சொல்வது மாதிரிச் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதரிடம் நான் ஒரு சொல் நேராகப் பேசியதில்லை. ராயகிரியிலிருந்து என்னைக் கட்டிக்கொடுத்த அன்று என் அம்மா சொல்லி அனுப்பிய புத்திமதிகளில் முதலாவது அது. மரியாதை என்று அதற்குப் பெயர்.

முந்தின நாலு வெள்ளிக்கிழமையும் டாக்டர் அறைக்குள் என் கணவரோடு போனவள் நான். ஐந்தாவது வெள்ளி மூத்தார் உள்ளே போனார். நான் பச்சைத் திரைக்கு வெளியே பெஞ்சுப் பக்கத்தில் நின்றேன். டாக்டர் ஏதோ காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, ரத்தம் ஏதும் போகிறதா என்று கேட்டது எனக்குக் கேட்டது. என் கணவரின் குரல் கேட்கவில்லை. மூத்தாரின் குரல்தான் கேட்டது. "இல்ல டாக்டர். சுத்தமா இருக்கு."

திரை ஒரு கை தூரத்தில் இருந்தது. விலக்கி, பொய், காலையில் நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் கணவருக்கு மறந்துபோயிருக்குமோ, இப்போதாவது சொல்லுவாரோ, வெளியே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாமோ என்று நான் நெளிந்துகொண்டு நின்றேன். அதற்குள் உள்ளே ஸ்டீல் தட்டில் குழாய் வைக்கிற சத்தம் கேட்டது. தெருவில் தண்ணீர்க் குழாயடியில் குடத்துக்காக ஊரையே எதிர்த்துச் சண்டை போட்ட வாய் இது. அன்றைக்கு அந்தத் திரைக்கு முன்னால் ஊமையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மூத்தார் தம்பியை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். உடம்பில் சூடு ஏறிவிட்டது, அதுதான் எரிகிறது, அருவியில் ஒரு மணி நேரம் நின்றால் எந்த மருந்தும் வேண்டாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் ஊரில் எரிந்தால் சூடு, வீங்கினால் நீர், இரண்டுக்கும் அருவி. நான் கதவுக்குப் பின்னால் நின்று, டாக்டர் அருவியில் குளிக்கச் சொல்லவில்லை என்று சுவரிடம் சொன்னேன். சுவர் கேட்டுக்கொண்டது. போனவர் சாயங்காலம் உதடு நீலம் பாரித்து, ஆனால் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். பல நாள் கழித்து முதல் தடவையாகப் பயமில்லாமல் மூத்திரம் போனேன், அருவிக்கடியில் நின்றால் யாருக்குத் தெரியும் என்று என் காதில் சொன்னார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

திங்கட்கிழமை குளிர் நடுக்கிக் காய்ச்சல் வந்தது. வீடு மொத்தமும் ஒரே வார்த்தை சொன்னது: சாரல் காய்ச்சல். புதுத்தண்ணீர், மலைக்காற்று, ஒத்துக்கொள்ளவில்லை. சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் போட்டார்கள். நானும்தான் போட்டேன். அவர் அருவிக்குப் போகாமல் இருந்திருந்தால், இது மருந்தினால் வந்த காய்ச்சல் என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன். அருவி அந்தச் சந்தேகத்தையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்க்கிழமை லீவு முடிந்து எல்லாரும் ஈரத் துண்டுகளை உதறி மடித்துக்கொண்டு ரயிலேறினார்கள். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டார். அவரிடமும் இவர் சர்க்கரை என்றுதான் சொன்னார். வியாழக்கிழமை கண் மஞ்சளாகி என்னை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்ததும் நான் யாரையும் கேட்கவில்லை. ஒரு காரைப் பிடித்துப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

டாக்டர் பழைய காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வெள்ளி ரத்தம் போனதா என்று கேட்டார். போனது, நான் பார்த்தேன் என்றேன். நான் கேட்டபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றார். வெளியே நின்றேன் என்றேன். அதற்குமேல் அவர் என்னைத் திட்டியதெல்லாம் நியாயம். ஆனால் அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. காகிதத்தைப் புரட்டிக்கொண்டே கேட்கிற கேள்வியா அது? நாலு வாரம் கூடவே வந்தவள் எங்கே என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பிடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் வேறு யாருடைய வாயும் வேண்டியிருந்திருக்காது.

மருந்துக் கிருமி ரத்தத்தில் ஏறி ஈரல்வரை போயிருந்தது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்தார். அதற்கப்புறம் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை. அதைத் தின்றால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகும். ஒவ்வொரு தடவையும் ரத்தமோ என்று நான் வாளியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். எந்த நோய் என்று சொல்லப் பயந்தாரோ, அந்த நோயின் மாத்திரையைத் தின்றுதான் உயிரோடு வந்தார். ஆறாவது வெள்ளிக்கிழமை வரவேயில்லை. இனி இவருக்கு அந்த மருந்தை ஜென்மத்துக்கும் விடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். தைக்குள் புற்று மறுபடி வந்தது, இந்தத் தடவை ஆழமாக. மாசியில் மூத்திரப்பையை எடுத்துவிட்டு, வலது பக்கம் வயிற்றில் துளை போட்டுப் பை கட்டினார்கள்.

அடுத்த ஆனி பிறந்தது. கார்டு வந்தது. தம்பி உடம்பு எப்படி, அருவியில் தண்ணீர் விழுகிறதா?

இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. தண்ணீர் விழுகிறது, எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று இரண்டே வரி எழுதிப் போட்டேன்.

மூத்தார் வந்தார். குடும்பத்தைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு, மத்தியான வெயிலில் தனியாக வந்து முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். என் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், சட்டைக்கு அடியில் பை மேடாகத் தெரிந்தது. இரண்டு பேரும் சாரலைப் பற்றிப் பேசினார்கள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேராகப் போய் மூத்தார் முன்னால் நின்றேன். அவர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார்.

"அன்னிக்கு ரத்தம் வந்துச்சு அத்தான்," என்றேன். "நான் என் கண்ணால பாத்தேன். ஒரு வார்த்த கேக்காம நீங்க இல்லன்னு சொன்னீக."

இருபது வருஷத்தில் அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவர் மறுத்துப் பேசுவார், நானும் விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்மா," என்றார். "மதுர பஸ்ஸ்டாண்டுலயே சொல்லிட்டான். ரத்தம்னு சொன்னா இன்னைக்கு மருந்து விடாம திருப்பி அனுப்பிருவாக, இன்னொரு வெள்ளி கூடுதலா வரணும், இன்னொரு தடவ அந்த பஸ்ஸ நிறுத்தச் சொல்ல என்னால முடியாதுண்ணே, நீ இல்லன்னு சொல்லிருன்னு கையப் புடிச்சான்."

நான் கட்டிலைப் பார்த்தேன். ஆக, எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் கணவருக்கு வெட்கம், மூத்தாருக்குப் பாசம், எனக்கு மரியாதை. தெரியாமல் இருந்தவர் டாக்டர் ஒருவர்தான். ஒரு வருஷமாக மூத்தாரின் தலையில் நான் கொட்டி வைத்திருந்த கோபத்தை அந்த இடத்திலேயே அள்ளி மூன்றாகப் பங்கு போட வேண்டியதாயிற்று. அப்படிப் போட்டும் அது குறையவில்லை.

என் கணவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சட்டையை இழுத்துப் பையின் மேல் விட்டுக்கொண்டார். "விடுட்டி," என்றார். "இப்பம் மதுரைக்குப் போனாலும் வழியில எங்கனயும் நிறுத்தச் சொல்ல வேண்டாம்லா."